புரோபயாட்டிக்கா, ப்ரீபயாட்டிக்கா? எங்கள் ஷெட்டில் நிலைத்தது எது

பண்ருட்டிப் பக்கம் இரண்டாயிரம் ப்ராய்லர் வளர்க்கிறோம். கம்பெனிக் கான்ட்ராக்ட் இல்லை. குஞ்சு வாங்குவதும் தீவனம் அரைப்பதும் எங்கள் பாடுதான். 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்ட பிறகு, கழிச்சலுக்கு வேறு வழி தேட வேண்டி வந்தது. புரோபயாட்டிக், ப்ரீபயாட்டிக் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, இப்போது ப்ரீபயாட்டிக்கில் நிற்கிறேன்.

புரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நல்ல பாக்டீரியா. அதன் தேவையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாட்டுக்கோழிக் குஞ்சு தாயோடு குப்பையைக் கிளறி, தாயின் குடலில் இருப்பதைத் தானும் பெற்றுக்கொள்கிறது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா தொற்று குறைகிறது என்று 1973-லேயே பின்லாந்தில் நுர்மியும் ரண்டாலாவும் காட்டிவிட்டார்கள்.

ப்ரீபயாட்டிக்குக்கு உயிர் கிடையாது. எஃப்.ஓ.எஸ் (ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி) நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து எடுக்கும் எம்.ஓ.எஸ் என்ற இன்னொரு வகை, இ.கோலை, சால்மொனெல்லா போன்ற கெட்ட பாக்டீரியாக்கள் குடல் சுவரில் ஒட்டுவதற்குள் அவற்றைத் தன்மேல் ஒட்டவைத்து எச்சத்தோடு வெளியேற்றுகிறது. நான் போடுவது இதைத்தான்.

விலை, எடை எல்லாம் அப்புறம். எனக்கு முடிவு சொன்னது பராமரிப்புதான். லாக்டோபேசில்லஸ் என்ற புரோபயாட்டிக் பொடியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் எங்கள் தீவன அறையில் தகரத்தைத் தொட முடியாது, அதனால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்து கரண்ட் போனபோது அந்தப் பாக்கெட்டுகளில் உயிர் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. பொடி பார்க்க அப்படியேதான் இருந்தது, வாசமும் மாறவில்லை.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீருக்குப் ப்ளீச்சிங் பவுடர் போடாமல் எங்களால் இருக்க முடியாது. அந்தக் குளோரின் நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும். அதனால் புரோபயாட்டிக் கலக்கும் நாளில் டேங்கைக் கழுவி, குளோரின் இல்லாத தண்ணீர் பிடித்து, கலந்ததைச் சில மணி நேரத்தில் குடித்து முடிக்க வைக்க வேண்டும். ஒருமுறை தண்ணீர் லைனை அலசாமல் விட்டுவிட்டோம். நான்காம் நாள் நிப்பிளை (குஞ்சு கொத்தித் தண்ணீர் குடிக்கும் முனையை) கழற்றினால் உள்ளே கஞ்சி போல வழவழவென்று பாசி. குஞ்சுகள் நிப்பிளைக் கொத்திக் கொத்திப் பார்த்தும் தண்ணீர் சரியாக வரவில்லை. அந்த வாரம் வளர்ச்சி தடைபட்டது கண்ணுக்கே தெரிந்தது.

ப்ரீபயாட்டிக்கில் இந்தப் பாடு இல்லை. உறையில் போட்டிருக்கும் அளவை முதலில் ஐந்து கிலோ மக்காச்சோள மாவில் பிசிறி, பிறகு மிக்ஸரில் விடுகிறேன். ஈரம் படாமல் மூடி வைத்தால் போதும். இடையில் ஆன்டிபயாட்டிக் கொடுக்க நேர்ந்தாலும் இது வீணாகாது. மூன்றாவது வாரம் தண்ணீர் லைனுக்குக் கீழே தரையில் பரப்பியிருக்கும் கடலைத்தோலை ஒரு பிடி எடுத்து அமுக்கினேன், கையை விரித்ததும் உதிர்ந்தது. முன்பெல்லாம் அந்த இடம் அடை அடையாகக் கட்டியிருக்கும்.

எடை கூடியதா என்றால், நான்கு பேட்ச்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று மட்டுமே கோடையில் வந்தது. தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம்) கொஞ்சம் இறங்கியது உண்மை. அது இதனால்தானா, குஞ்சு நன்றாக அமைந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தக் கழிச்சலுக்கு இரண்டுமே மருந்தில்லை. அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கம்பெனித் தீவனம் இறக்குகிறவர்கள் என் வழியில் வர முடியாது, அவர்கள் கையில் இருப்பது தண்ணீர் மட்டும்தான். அவர்களுக்குப் பேசில்லஸ் சப்டிலிஸ் போல வித்து (பாக்டீரியா உறங்கும் நிலை) வடிவில் வரும் புரோபயாட்டிக் பரவாயில்லை. லாக்டோபேசில்லஸை விட வெயிலை நன்றாகத் தாங்கும். நானும் குஞ்சு இறக்கிய முதல் மூன்று நாளுக்கு அதையே தண்ணீரில் கொடுக்கிறேன். நான்காம் நாள் லைனை அலசிவிட்டுப் பழையபடி ப்ளீச்சிங் பவுடர்.