‘நூறு சதவீத மூலிகை’ மூட்டுவலி மாத்திரை: வாங்கவிருப்பவர்கள் கவனத்துக்கு

‘நூறு சதவீத மூலிகை, பக்க விளைவு அறவே இல்லை’ என்று லேபிளில் அச்சிட்டு, தொலைபேசியில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பப்படும் மூட்டுவலி மாத்திரை ஒன்றை என் தாயார் சில மாதங்கள் உட்கொண்டார். அதில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அரசுப் பகுப்பாய்வு உறுதி செய்துவிட்டது. வழக்கு நிலுவையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மாத்திரை உடனே வேலை செய்ததுதான் இந்த மோசடியின் அச்சாணி. படியேற முடியாதவர் சில நாட்களிலேயே வலியின்றி நடந்தார். பிறகு முகம் உப்பியது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை அளவு எகிறியது, கை லேசாக இடித்துக்கொண்டாலும் தோலுக்கடியில் இரத்தம் கன்றியது. விற்பனையாளரிடம் கேட்டபோது, “கெட்ட நீர் வெளியேறுகிறது, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்” என்றார்கள். குடும்ப மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்று சந்தேகித்தார். ஆனால் அவரும் சட்டென்று நிறுத்தச் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வரும்போது உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்வதால், திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதே போன்ற மாத்திரையை எவராவது உட்கொண்டுவந்தால், பயந்துபோய்த் தூக்கி எறிந்துவிடாமல் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

லேபிளை அதன் பிறகுதான் உற்றுப் பார்த்தோம். அமுக்கரா, சுக்கு, பறங்கிப்பட்டை என்று சரக்குகளின் பெயர்கள் இருந்தன. எது எத்தனை மில்லிகிராம் என்ற விவரம் இல்லை. தயாரிப்பாளரின் முகவரிக்குப் பதிலாக ஒரு கைபேசி எண் இருந்தது. தொகுதி எண் (பேட்ச் நம்பர்), குப்பியின் அடியில் விரல் பட்டாலே அழியும் மையில் குத்தப்பட்டிருந்தது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் லேபிளில் சேர்மானங்கள், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி ஆகியவை இருந்தாக வேண்டும் என்கின்றன. உரிம எண் மட்டும் இந்தக் குப்பியில் பளிச்சென்று அச்சாகியிருந்தது. விசாரித்ததில், அது வேறொரு நிறுவனத்தின் கூந்தல் தைலத்துக்கு வழங்கப்பட்ட எண் என்று தெரியவந்தது.

புகார் கொடுப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நாம் திறந்து பயன்படுத்திய குப்பியை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த இயலாது. மருந்து ஆய்வாளரே விற்பனையிடத்துக்குச் சென்று, சீல் உடையாத மருந்தை எடுத்து, பகுத்து முத்திரையிட்டு, ஒரு பங்கை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பினால்தான் அது சட்டப்படியான மாதிரி. விற்பனையிடம் எங்கே என்று லேபிளில் இல்லாத நிலையில், கூரியர் உறையின் பின்புறம் இருந்த அனுப்புநர் சீட்டுதான் ஆய்வாளரைக் கிடங்கு வரை கொண்டுசென்றது. குப்பி, உறை, பணம் செலுத்திய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தொகுதி எண் அழிவதற்குள் புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

அரசு இத்தகைய மருந்தைப் பிடிப்பது பல சமயங்களில் லேபிளின் பொய்யைக் கொண்டுதான். 1937இல் அமெரிக்காவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் கலந்த சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லித் திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தபோது, நச்சுத்தன்மையைச் சோதிக்காமல் விற்றது அன்றைய சட்டப்படி குற்றமாகவே இருக்கவில்லை. ஆல்கஹால் உள்ள மருந்துக்குரிய ‘எலிக்சிர்’ என்ற பெயரை ஆல்கஹால் இல்லாத மருந்துக்கு இட்டார்கள் என்ற குற்றத்தின் பேரில்தான் அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது. மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், வாதநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. அந்தத் தடையை யார் மதிக்கிறார்கள் என்பதைக் காலை நேரத் தொலைக்காட்சியைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிடங்கிலிருந்த சரக்கு பறிமுதலான சில வாரங்களில், அதே வெள்ளைக் குப்பியும் வெள்ளிநிற மூடியும் வேறு பெயரில் விளம்பரத்தில் வந்துவிட்டன. அழைப்பை எடுப்பதும் அதே குரல்தான். இப்போது லேபிளில் ‘சித்த மருந்து’ என்ற சொல்லே கிடையாது. ‘உணவுத் துணைப்பொருள்’ என்று போட்டு, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள். உணவு என்று சொல்லிவிட்டால் புகார் மருந்து ஆய்வாளரைத் தாண்டி வேறு துறைக்குப் போய்விடும் என்ற கணக்கு அது. உணவு என்று விற்கும் பொருளுக்கும் நோய் தீர்க்கும் என்று உரிமை கொண்டாட அனுமதியில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுத்துமூலம் புகார் அளித்து, பகுப்பாய்வு அறிக்கையின் நகலையும் இணைத்திருக்கிறேன்.