ஒகேனக்கல் பரிசல் சவாரி: பாறைச் சுவரை அருகிருந்து பார்க்க ஒரு வழி

ஒகேனக்கலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அருவிக் குளியலுக்கும் எண்ணெய்த் தேய்ப்புக்கும் மீன் வறுவலுக்குமாக வருகிறார்கள். பரிசல் சவாரியை, நேரமும் பணமும் மிஞ்சினால் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொழுதுபோக்காகவே கருதுகிறார்கள். தருமபுரியிலேயே வசித்து, வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை அவ்வப்போது அங்கே அழைத்துச் செல்பவன் என்ற முறையில், அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அருவியைக் கரையிலிருந்தும் தொங்கு பாலத்திலிருந்தும் பார்த்துவிடலாம். ஆனால் காவிரி அறுத்துச் சென்ற அந்தப் பாறை இடுக்கை, இருபுறமும் செங்குத்தாக எழும் அந்தச் சுவர்களை, கைநீட்டித் தொடும் தொலைவில் பார்க்கப் பரிசலை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் சேவையின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கட்டணச் சீட்டைப் பரிசல் துறையில் உள்ள கவுண்ட்டரிலேயே வாங்க வேண்டும்; அதற்கான கட்டணம் அங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஒரு பரிசலுக்கு நான்கு பயணிகளும் ஓட்டுபவரும் என்பது கணக்கு. பாதுகாப்பு மிதவை உடை அணியாமல் ஏறக் கூடாது. மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, அடிப்பகுதியில் நீர் புகாதபடி பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிய எளிய கலம்தான் பரிசல். முற்காலத்தில் அடியில் தோல் போர்த்தியிருக்கிறார்கள். அதன் அடி தட்டையானது என்பதால் மிகக் குறைந்த ஆழமே போதும். நீருக்குள் மறைந்திருக்கும் பாறைகளின் மேல் மோதாமல் வழுக்கிச் செல்லும். முன், பின் என்ற பக்கமே இல்லாத கலத்தை ஒற்றைத் துடுப்பால் சுழிகளுக்கிடையே நேராக ஓட்டிச் செல்வது எளிதன்று. வழியில் நீரோட்டம் பாறைகளில் உடையும் இடம் வந்தால், நம்மை இறக்கி நடக்கவிட்டு, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு அடுத்த நீர்ப்பரப்புக்கு வந்துவிடுகிறார்கள். நாம் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பங்கு இந்தத் தேர்ச்சிக்கே உரியது என்று நான் எண்ணுகிறேன்.

இனி, இடுக்கைப் பற்றி. அருவிகளின் பேரிரைச்சல் பின்னால் தங்கிவிட, பரிசல் சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் நீர் ஓரளவு அமைதியடைகிறது. பார்வை தானாகவே மேலே செல்கிறது. இந்தச் சுவர்களில் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் கருஞ்சாம்பல் நிறக் கடினப் பாறை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிரானைட் தொழிலோடு தொடர்புடையவர்கள் அதன் அடர்ந்த நிறத்தையும் நெருக்கமான துகள்களையும் பார்த்தவுடனேயே அது எவ்வளவு பழைய, எவ்வளவு இறுகிய கல் என்பதை உணர்வார்கள். இத்தகைய கல்லை ஆறு எளிதில் கரைப்பதில்லை. அதில் ஏற்கெனவே இருந்த விரிசல்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் வழியே புகுந்து, பாளம் பாளமாகப் பெயர்த்துத்தான் வழி உண்டாக்கிக்கொள்கிறது. சுவர்கள் ஆங்காங்கே உளியால் வெட்டியது போல நேர்க்கோட்டில் நிற்பதற்கும், ஆறு ஒரே இடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து பல அருவிகளாக விழுவதற்கும் இதுவே காரணம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஆட்டுக்கல்லின் குழியைப் போல வழவழப்பான வட்டக் குழிகள் தென்படும். சுழியில் சிக்கிய கூழாங்கற்கள் ஓரிடத்திலேயே நீண்ட காலம் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் அவை. பாறையின் நிறம் ஓர் அளவுக்குக் கீழே மாறியிருப்பதைக் கவனித்தால், வெள்ளக் காலத்தில் ஆறு எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதும் புலப்படும். பரிசலில் அமர்ந்து அந்தக் கோட்டை அண்ணாந்து பார்க்கும்போதுதான் காவிரியின் வலிமை மனத்தில் உறைக்கிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் டோவர், பீச்சி ஹெட் போன்ற இடங்களில் கடலை ஒட்டி நிற்கும் சுண்ணப் பாறைச் சுவர்கள் உலகப் புகழ் பெற்றவை. நம் பிள்ளைகள் அவற்றைப் படங்களில் பார்த்து வியக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகளின் சுண்ணாம்பு ஓட்டுத் துகள்கள் கடலடியில் படிந்து உருவான அந்த வெள்ளைப் பாறைகளின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் குறைவு. மென்மையானவை என்பதால் அலை மோத மோதச் சரிந்து ஆண்டுதோறும் பின்வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒகேனக்கல் பகுதியிலும் சுண்ணாம்புச் சத்து நிறைந்த பாறை உண்டு என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். கார்பனடைட் எனப்படும் அந்தப் பாறை கடலில் படிந்ததன்று. பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக எழுந்து, பழைய பாறைகளின் இடையே புகுந்து உறைந்தது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இவ்வளவு தொன்மையான ஒன்றைத் தன் மாவட்டத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்காமல் ஒரு மாணவர் சுற்றுலா வந்து திரும்பிச் செல்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

என் முதன்மையான குறையும் இதுதான். சவாரியில் அருவிக்கு அருகே சென்று சாரலில் நனைவதற்கும், இளைஞர்கள் கேட்டால் பரிசலை வேகமாகச் சுழற்றிக் காட்டுவதற்கும் முதலிடம் தரப்படுகிறது. பாறைச் சுவரின் அருகில் மெதுவாகச் செல்வதும், நிறுத்திக் காட்டுவதும், கேட்டால்தான் நடக்கும். ஏறும்போதே, “அண்ணே, சுத்தி விட வேண்டாம், பாறையை ஒட்டி மெதுவா போங்க, பார்த்துக்கிட்டே வர்றோம்” என்று சொல்லிவிடுங்கள். அப்படிக் கேட்டபோது மறுத்தவர் எவரையும் நான் கண்டதில்லை. மாறாக, எந்த இடத்தில் ஆழம் அதிகம், எந்தப் பாறையில் மாலையில் நீர்க்காகங்கள் வந்து அமரும், எந்த இடுக்கில் தேனடை தொங்கும் என்று அவர்களாகவே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த ஆற்றில் வாழ்பவர்களின் அறிவு அது. பாறைகளின் வயதையும் தோற்றத்தையும் பற்றி அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி அளித்து, பரிசல் துறையில் தமிழில் ஒரு விளக்கப் பலகையும் வைத்தால், இந்தச் சேவையின் தரம் பெரிதும் உயர்ந்துவிடும். அதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை.

வேறு சில குறைகளும் உண்டு. துறையை நெருங்கும் முன்பே இடைத்தரகர்கள் சூழ்ந்துகொண்டு, கூடுதல் தொலைவு அழைத்துச் செல்வதாகப் பேரம் பேசுவார்கள். சீட்டு இல்லாத சவாரிக்கு எக்காரணம் கொண்டும் இணங்க வேண்டாம். விடுமுறை நாள்களில் காத்திருப்பு நீளும். இடுக்கின் நடுவே மற்றொரு பரிசலில் தின்பண்டங்களும் குளிர்பானங்களும் விற்பனைக்கு வருவது குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான் என்றாலும், பாறை இடுக்குகளில் செருகிக்கிடக்கும் காலிப் புட்டிகளைப் பார்க்கும்போது அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள முடியவில்லை. வாங்கியதன் குப்பையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஏறியவர்களின் கடமை.

எப்போது செல்வது என்பதற்கு ஆற்றின் அளவே விடை. கர்நாடகத்தில் மழை வலுத்து, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து நீர் திறக்கப்படும்போது, எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் வரத்து உயரும். உடனே பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதிக்கப்படும். இந்தத் தடையைத் தொல்லையாகக் கருதுவோர் உண்டு. அந்த இடுக்கில் நீர் எவ்வளவு விரைவாக ஏறும் என்பதைப் பாறையில் பதிந்திருக்கும் கோட்டைக் கொண்டே அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். புறப்படும் முன் நாளிதழிலோ தொலைக்காட்சிச் செய்தியிலோ அன்றைய கனஅடி அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. நீர் பெருகி ஓடும் காலத்தில் அருவி அழகு. பாறையைப் பார்க்க விரும்புபவர்களுக்கோ வரத்து குறைந்து, சுவர்களின் அடிப்பகுதி வெளியே தெரியும் காலமே ஏற்றது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் கல்லின் சூடு தாங்காது; காலையில் சாய்வாக விழும் ஒளியில்தான் விரிசல்களும் வரிகளும் தெளிவாகத் தெரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய எங்கள் இரு மாவட்டங்களையும் சேர்ந்தவர்களுக்கு இந்த இடத்தின்மீது தனி உரிமையும் உண்டு. இதே கடினப் பாறைகளின் அடியிலிருந்து எடுக்கும் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து, பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட ஊர்கள் இங்கே பல. ஜப்பான் நிதியுதவியுடன் அமைந்து 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ஆற்று நீரைத்தான் அந்த ஊர்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், பரிசலில் இருக்கும்போதே இதையும் சொல்லலாம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர், பேருந்துகள் உண்டு. ஏறி இறங்கும் இடங்களில் பாறை வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள செருப்பு தேவை. கைப்பேசியை நீர் புகாத உறையில் இட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கு, படிகளில் இறங்கி, பரிசலின் தரையில் கால் மடக்கி அமர்ந்து, மீண்டும் எழுவது கடினம். அவர்களுக்குத் தொங்கு பாலமே போதும். மற்ற எல்லோரும் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பாகவே, காலையில் முதல் வேலையாகப் பரிசலில் ஏறிவிட வேண்டும் என்பதே என் பரிந்துரை.