பாதாம் டார்க் சாக்லேட் பார் வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பிப் பாருங்கள்

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வேர்க்கடலை ஆகாது. கொஞ்சம் பட்டாலே உதடு வீங்கி, தொண்டை அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஊசி மருந்தைப் பையிலேயே வைத்திருப்பார். மூன்று வருடமாக இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போன மாதம் ஒரு மாலை, "இந்தாங்க மேடம், பாதாம் போட்ட டார்க் சாக்லேட். கடலை எதுவும் கிடையாது, தைரியமா சாப்பிடுங்க" என்று ஒரு பாரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், பழக்கதோஷத்தில் உறையைத் திருப்பிப் படித்தார். பிறகு மெதுவாக என் மேசையிலேயே வைத்துவிட்டார்.

"முதல் பேரே வேர்க்கடலைதான் சார்."

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அவர் மட்டும் என்னை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதாம் மரத்தில் காய்க்கும் கொட்டை, வேர்க்கடலை பயறு வகை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றது ஒத்துக்கொள்ளலாம், அதனால் எது உள்ளே இருக்கிறது என்பது அவர்களுக்கு உயிர் விஷயம். உறையின் முன்பக்கத்தில் வேர்க்கடலை என்ற சொல்லும் இல்லை, படமும் இல்லை. முழுக்கப் பாதாம்தான். பிறகு எண்ணிப் பார்த்தேன், படத்தில் மட்டும் பதினொன்று.

அதற்குள் நான் முப்பத்தொன்பது பாரைத் தின்று தீர்த்திருந்தேன்.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாலையில் டீயோடு பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்யும் பழக்கத்தை விடச் சொன்ன மருத்துவர், வேண்டுமானால் நாலைந்து பாதாமோ நல்ல டார்க் சாக்லேட் ஒரு துண்டோ போதும் என்றார். இரண்டும் ஒரே உறைக்குள் கிடைத்தால் எப்படி இருக்கும்! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இணையத்தில் தேடி, இருபத்து நான்கு பார் கொண்ட பெட்டி இரண்டு வரவழைத்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "70% கோகோ". அதன் கீழே "சர்க்கரை 7 கிராம் மட்டுமே". வேறென்ன வேண்டும்?

அன்று இரவு வீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். உட்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது பொதுவான விதி. இந்தப் பாரின் வரிசை இது: வேர்க்கடலை 22%, டார்க் பூச்சு 20%, குளுக்கோஸ் சிரப், சோயாப் பொரி, சர்க்கரை, டார்க் சாக்லேட் 8%, பாதாம் 5%, கடைசியில் தேன் 1%.

பாரின் எடை 60 கிராம். அதில் 5% என்றால் 3 கிராம். ஒரு பாதாம் ஏறக்குறைய 1.2 கிராம் இருக்கும். ஆக, பதினொரு பாதாம் படம் போட்ட உறைக்குள் இருந்தது இரண்டரைப் பாதாம்!

70% கதை இன்னும் அழகு. அந்த எண்ணின் தோளில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதைத் துரத்திக்கொண்டு பின்பக்க மடிப்புக்குப் போனால், "பயன்படுத்தப்பட்ட டார்க் சாக்லேட்டில்" என்று இருக்கிறது. அதாவது 60 கிராம் பாரில் 8%, 4.8 கிராம், டார்க் சாக்லேட். அந்த 4.8 கிராமில் 70% கோகோ. கணக்குப் போட்டால் மூன்றரை கிராம்கூட வரவில்லை. பொய் என்று சொல்லவும் முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டிப் பூசணிக்காய் என்று விற்றிருக்கிறார்கள்.

அப்படியானால் மேலே பளபளவென்று கருப்பாக இருந்தது என்ன? அதுதான் அந்த 20% "டார்க் பூச்சு". அடைப்புக்குள் சர்க்கரை, எண்ணெய்ப் பனை விதைக் கொழுப்பு, கோகோ தூள். தொழிலில் இதைக் காம்பவுண்ட் என்பார்கள். உண்மையான சாக்லேட்டில் கொழுப்பு பெரும்பாலும் கோகோ பட்டரிலிருந்து, அதாவது கோகோ விதையின் சொந்தக் கொழுப்பிலிருந்து, வர வேண்டும். சர்வதேச உணவுத் தர நிர்ணயமான கோடெக்ஸ்படி சாக்லேட் என்ற பெயருக்குக் குறைந்தது 35% கோகோ திடப்பொருள் இருக்க வேண்டும், அதில் 18% கோகோ பட்டராக இருக்க வேண்டும், மற்ற தாவரக் கொழுப்பு 5%க்கு மேல் போகக்கூடாது. "டார்க் பூச்சு", "சாக்லேட் சுவை" என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கோகோ பட்டர் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும், அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. இந்தப் பார் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். அதைத் தரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருடத்துக்கு முன் மேலே வெள்ளை படர்ந்திருந்த நல்ல சாக்லேட் ஒன்றைப் பூஞ்சை என்று குப்பையில் போட்டவன் நான். அது கொழுப்பு மேலே வந்து படிந்தது, கெட்டுப்போனது இல்லை. என் சாக்லேட் அறிவு அவ்வளவுதான்.

சர்க்கரைக்கு வருகிறேன். "7 கிராம் மட்டுமே" என்பது ஒரு வேளை அளவுக்கு. ஒரு வேளை அளவு என்று அவர்கள் வைத்திருப்பது 20 கிராம், பாரில் மூன்றில் ஒரு பங்கு. பாரை மூன்றாக வெட்டி மூன்று நாள் சாப்பிடுகிற மனிதர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். முழுப் பாருக்கு 21 கிராம், ஐந்து டீஸ்பூனுக்கு மேல். தானாக உணவில் இருப்பது போக, சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லியிருக்கிறது. இரண்டு பார் தின்ற நாட்களை நினைக்கவே வேண்டாம். சர்க்கரையைச் சிரப், சர்க்கரை, தேன் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பதையும் கவனியுங்கள். பூச்சுக்குள் இருப்பதையும் சேர்த்து ஒரே பெயரில் எழுதியிருந்தால் அது பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுப்பதில்லையாம். "எல்லா விவரமும் உறையில் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளது சார்" என்று பதில். தெளிவாக என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

சூடுபட்டும் புத்தி வரவில்லை. அடுத்து "சர்க்கரை சேர்க்காத" நட்ஸ் பார் ஒன்று வாங்கினேன், வேறு தயாரிப்பு. இனிப்பாக இருக்கிறதே என்று சந்தோஷமாக இரண்டு சாப்பிட்டேன். இரவு முழுக்க வயிறு இரைந்தது, அதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. பட்டியலில் இரண்டாவது பெயர் மால்டிடால். இது சர்க்கரை ஆல்கஹால் வகை. குடல் இதை முழுதாக உறிஞ்சாது, மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்து, நொதித்து, வாயுவாகும். ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றாமல் இருக்காது. கலோரியும் சுழியம் இல்லை, சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேல். "அளவு மீறினால் மலமிளக்கும்" என்று அதிலும் எழுதியிருந்தது. மடிப்புக்குள், வேறெங்கே?

இப்போது வாங்குவதில் முதல் பெயர் கோகோ மாஸ் (அரைத்த கோகோ விதை), அடுத்தது பாதாம், மூன்றாவதாகத்தான் சர்க்கரை. கசக்கிறது. அதுவும் பத்திய உணவு என்று ஏமாறாதீர்கள். 70 முதல் 85% வரை உள்ள டார்க் சாக்லேட்டிலேயே 100 கிராமுக்குச் சுமார் 600 கலோரி, 40 கிராமுக்கு மேல் கொழுப்பு, 24 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. இரும்பும் மெக்னீசியமும் நார்ச்சத்தும் நிறைய இருக்கிறதுதான், ஆனால் துண்டுக் கணக்கில் தின்றால்தான் கட்டுப்படியாகும். பட்டியலில் "காரம் சேர்த்துப் பதப்படுத்திய கோகோ" (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) என்றிருந்தால் கசப்போடு ஃபிளவனால் என்ற தாவரப் பொருட்களும் பெருமளவு போயிருக்கும், இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் பேசுவது அவற்றைத்தான்.

பழைய பெட்டியில் ஒன்பது பார் அப்படியே கிடக்கிறது. போன வாரம் அவர்களிடமிருந்து மறுபடி ஒரு மின்னஞ்சல்: என் மனக்கசப்புக்கு வருந்துகிறார்களாம், அடுத்த பெட்டிக்கு 20% தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 20%க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கீழே போய்ப் பார்த்தேன். மூன்று பெட்டி வாங்கினால், மூன்றாவது பெட்டிக்கு மட்டும்.