சார்ட்டில நேரம் பிழைச்சா எந்த வழியால திருத்துறது? நாலு வழியும் ஒரு அலசல்

வெப்சைட்டில போடுற மழை சார்ட், குளத்து நீர்மட்ட சார்ட் இதுகள்ல திகதி நேரம் பிழைக்கிறது சின்ன விசயமில்ல. மாரி காலத்தில மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறக்கப் போறாங்களாம் எண்டு கதை வந்தா ஊரில இருக்கிறவங்களும் பார்ப்பாங்க, டொரண்டோவில லண்டனில இருக்கிற பிள்ளையளும் பார்ப்பாங்க, அந்த நேரம் ஒரு நாள் முன்னப்பின்ன காட்டினா வீண் பதட்டம்தான். திருத்திறதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க, எல்லா வழியும் எல்லா டேட்டாவுக்கும் சரிவராது.

திருத்த முதல் பிழையின்ட அளவைப் பாருங்க, அதுவே பாதி விடையைச் சொல்லிரும். நம்மட நாட்டில ஒரு நாள் மழை எண்டு கணக்கெடுக்கிறது காலை 8.30ல இருந்து அடுத்த நாள் 8.30 வரைக்கும். அந்த 8.30 யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்தில, சரியா 3 மணி, நம்மட நேரம் அதைவிட அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. ஆகவே அந்த ஒரு புள்ளி சார்ட்டில எங்க நிக்குது எண்டு பாருங்க. 3.00ல நிண்டா சார்ட் யூடிசியைத்தான் அப்படியே காட்டுது, 14.00ல நிண்டா அஞ்சரை மணித்தியாலத்தை சேர்வரும் கூட்டியிருக்கு மறுகா ப்ரவுசரும் கூட்டியிருக்கு. 1970 ஜனவரி எண்டு காட்டினா டைம் சோனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, செக்கனில குடுத்ததை மில்லிசெக்கன் எண்டு வாசிச்சிருக்கு, ஆயிரத்தால பெருக்கினா சரி. சரியா ஒரு மாசம் தள்ளிப் போனா ஜாவாஸ்கிரிப்டில (ப்ரவுசரில ஓடுற கோட் மொழி) மாசக் கணக்கு ஜனவரி 0 எண்டு தொடங்கிறதை மறந்திருக்காங்க.

இப்ப வழிகளுக்கு வருவம். கனபேர் முதல் செய்யிறது கையால அஞ்சரை மணித்தியாலம் கூட்டிவிடுறது, ஒரு வரி கோட், உடனே சரியாத் தெரியும். எனக்கு இந்த வழி துப்பரவாப் பிடிக்கல்ல, ஏனெண்டா இது நேரத்தையே மாத்திப்போடுது, காட்டுற விதத்தை மாத்தல்ல. மறுகா அந்த டேட்டாவை வேற ஒராள் எடுத்துப் பாவிச்சா அது எந்த நேரமெண்டே தெரியாது. கூட்டல் கழித்தல் குறியும் குழப்பும், ஜாவாஸ்கிரிப்டிட்ட இலங்கைக்கு ஓஃப்செட் (யூடிசியோட உள்ள வித்தியாசம்) என்ன எண்டு கேட்டா மைனஸ் 330 நிமிசம் எண்டுதான் சொல்லும், அதைக் கண்டு தலைகீழாக் கூட்டினவங்க இருக்காங்க.

இதைவிடப் பெரிய குறை பழைய டேட்டாவில இருக்கு. இலங்கை நேரம் எப்பவும் அஞ்சரையா இருக்கல்ல. 1996 மே மாசம் ஆறரையாக்கினாங்க, அதே வருசம் ஒக்டோபரில ஆறாக்கினாங்க, 2006 ஏப்ரலிலதான் திரும்ப அஞ்சரைக்கு வந்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இந்த இடைவெளிக்குள்ளதான் கிடக்கு. சுமாத்திராவில நிலம் அதிர்ந்தது யூடிசி 00.58க்கு, அண்டைக்கு நம்மட மணிக்கூட்டில 6.58. கையால அஞ்சரை கூட்டின சார்ட் 6.28 எண்டு காட்டும். கல்முனை, காரைதீவு, மருதமுனை சனம் அந்தக் காலையை நிமிசக் கணக்கில ஞாபகம் வச்சிருக்காங்க, அவங்களுக்கு முன்னால அரை மணித்தியாலம் பிழையான சார்ட்டை வைக்கேலாது. அந்தக் காலத்தில புலிகளின்ட கட்டுப்பாட்டுப் பகுதியில பழைய அஞ்சரை நேரமே ஓடினது, அதால அங்க எழுதின கைக்குறிப்பு கிடைச்சா எந்த நேரமெண்டு கேட்டுத்தான் ஏத்தணும்.

ரெண்டாவது வழி ஒண்டும் செய்யாம பார்க்கிறவரின்ட ப்ரவுசர் நேரத்துக்கே விட்டுர்றது. சூம் கூட்டம், நேரலை, ஒன்லைன் விற்பனை இதுகளுக்கு இதுதான் சரி, அவரவர் மணிக்கூட்டில எப்ப எண்டதுதான் அங்க தேவை. ஆனா மழையும் நீர்மட்டமும் ஒரு இடத்துக்குச் சொந்தமான விசயம், மட்டக்களப்பில காலை 8.30க்கு அளந்ததை டொரண்டோவில நவம்பர் மாசத்தில முதல் நாள் ராவு 10 மணி எண்டு காட்டி என்ன பிரயோசனம்? "மச்சான், வான்கதவு திறந்தது 25ஆம் திகதியா 26ஆம் திகதியா?" எண்டு ஃபோன் வாறதெல்லாம் இதாலதான்.

திகதி மட்டும் இருக்கிற டேட்டாவில இது இன்னும் மோசம். 2024-11-26 எண்டு மட்டும் குடுத்தா ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நடுச்சாமமா எடுக்கும், அதோட நேரத்தையும் சேர்த்துக் குடுத்து டைம் சோன் சொல்லாம விட்டா உள்ளூர் நேரமா எடுக்கும். ஆகவே அந்த வெறும் திகதி மட்டக்களப்பில 26 காலை 5.30, லண்டனில 26 நடுச்சாமம், டொரண்டோவில 25 பின்னேரம் 7 மணி. லண்டனில இருந்து செக் பண்ணினவர் எல்லாம் சரி எண்டுதான் சொல்லுவார். இப்படியான டேட்டாவை நேரமாக்கவே வேணாம், வெறும் எழுத்தா சார்ட்டின்ட கீழ் அச்சில (கிடைக்கோட்டில) போட்டுருங்க, நாள் ஒண்டும் விடுபடாத தினசரி கணக்கெண்டா அதைவிட நல்ல வழி இல்ல.

மூண்டாவது, சேர்வரிலயே எழுத்தாக்கி அனுப்புறது. எங்க இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரித் தெரியும், ஆனா இடையில ரெண்டு மணித்தியாலம் கரண்ட் போய் அளவு வரல்லயெண்டா அந்த இடைவெளி சார்ட்டில விழாது, எல்லாப் புள்ளியும் சம தூரத்தில குந்தியிருக்கும். வெள்ளம் ஏறுற வேகத்தைப் பார்க்கிற சார்ட்டுக்கு இது ஆபத்து. சேர்வர் பக்கம் இன்னொண்டையும் பாருங்க, மைஎஸ்க்யூஎல் எண்ட டேட்டாபேஸில நேரம் வைக்க ரெண்டு வகை இருக்கு, டைம்ஸ்டாம்ப் வகை டைம் சோன் பார்த்து மாத்தித் தரும், டேட்டைம் வகை போட்டதை அப்படியே தரும், ரெண்டையும் கலந்து வச்சா பிழை எங்கயெண்டு தேடியே களைச்சுப் போவீங்க.

நாலாவது வழிதான் என்ட தெரிவு. டேட்டாவை யூடிசியிலயே வச்சிட்டு, காட்டும்போது மட்டும் ஏஷியா/கொழும்பு எண்டு டைம் சோனின்ட பேரைக் குடுக்கிறது. பேருக்குள்ள 1996, 2006 மாற்றமெல்லாம் அடக்கம், 2004 சுனாமி நேரம் தானா 6.58க்கு வரும். ஆனா எந்த லைப்ரரி (சார்ட் வரையிற ரெடிமேட் கோட் தொகுப்பு) எண்டதைப் பொறுத்து வேலை கூடும் குறையும். ஹைசார்ட்ஸ் சும்மா விட்டா யூடிசி காட்டும், பேரைக் குடுத்தா கேட்கும். சார்ட்ஜேஎஸ் ப்ரவுசர் நேரத்தைக் காட்டும், நேரத்தைக் கையாளுற லக்ஸன் அடாப்டரைச் சேர்த்துப் போட்டா அதில சோன் குடுக்கலாம். அபெக்ஸ்சார்ட்ஸ் சும்மா விட்டா யூடிசி, ஈசார்ட்ஸ் சும்மா விட்டா ப்ரவுசர் நேரம், இந்த ரெண்டுக்கும் லேபலை ப்ரவுசரோட வாற இன்டில் ஃபோர்மேட்டரால எழுதவேண்டி வரும். அதில ஒரு சிக்கல், லேபல் மாறினாலும் அச்சில கோடு விழுற இடம் மாறாது, அபெக்ஸ்சார்ட்ஸில யூடிசி நடுச்சாமத்தில விழுந்த கோட்டுக்குக் கீழ காலை 5.30 எண்டு நிக்கும். நாள் எல்லை முக்கியமான மழை சார்ட்டுக்கு அதால நான் ஹைசார்ட்ஸ் இல்லாட்டி லக்ஸனோட சார்ட்ஜேஎஸ் எண்டுதான் சொல்லுவன். ஹைசார்ட்ஸுக்கு லைசன்ஸ் இருக்கு, காசு இல்லாத சங்கம் வாசிகசாலையெண்டா சார்ட்ஜேஎஸ்ஸை எடுங்க. புதுசாச் செய்யிறவங்க மொமன்ட் எண்ட பழைய நேர லைப்ரரிப் பக்கம் போகாதீங்க, 2020லயே அதைச் செய்தவங்க புது அம்சம் இனிச் சேர்க்க மாட்டம் எண்டு அறிவிச்சிட்டாங்க.

எந்த வழியில போனாலும் அச்சுக்குக் கீழ "இலங்கை நேரம்" எண்டு எழுதி விடுங்க. ஏத்த முதல் ஃபோனில ஆட்டோமேட்டிக் டைம் சோனை நிப்பாட்டி டொரண்டோ ஒருக்கா லண்டன் ஒருக்கா எண்டு மாத்திப் பாருங்க, 26ஆம் திகதி 8.30 புள்ளி மூண்டு இடத்திலயும் 26ஆம் திகதி 8.30லயே நிக்கணும்.