கண்டியா, பேராதனைச் சந்தியா: மலையகப் பயணிக்கு எங்கே ரயில் மாறுவது நல்லது?

1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது, கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகத்தான். 1874இல் நாவலப்பிட்டிக்குப் பாதை நீண்டபோது அது கண்டியிலிருந்து கிளம்பவில்லை. பேராதனையில் பிரிந்து மேலேறியது. அதனால் மலையகத்தின் பெரிய நகரம் பிரதான பாதைக்கு வெளியே நின்றுபோனது. எங்கே மாறி ஏறுவது என்ற இன்றைய சிக்கலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ரயிலை ஓட்டுபவர்களின் பக்கம் நின்று பார்த்தால் பேராதனைக்கே என் வாக்கு. மூன்று திசைப் பாதைகளும் அங்கே முக்கோணமாக இணைவதால் பதுளை ரயில் கண்டிக்குள் நுழையாமலே கடந்துவிடலாம். கொழும்பு–பதுளை ரயிலான உடரட்ட மெனிக்கேயின் வழி அது. இன்னொரு பதுளை ரயிலான பொடி மெனிக்கேயோ கண்டிக்குள் போய், வந்த பாதையிலேயே திரும்பி வரவேண்டும். எஞ்சின் இழுக்கும் ரயிலென்றால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டவேண்டும். இரு முனையிலும் சாரதி அறையுள்ள தொடருக்கு மட்டும் அந்த வேலை இல்லை. ரம்புக்கனைக்கு மேலே நெடுகிலும் ஒற்றைப் பாதை என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு ரயில் பிந்தினால் எதிரே வருவது ஏதாவதொரு நிலையத்தில் காத்துக்கிடக்கும். கண்டியில் இழந்த நேரத்தைக் கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் நிற்கிறவர்கள் சுமக்கிறார்கள்.

பயணியின் பக்கம் கண்டி வெல்கிறது.  அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கண்டியில் பஸ் ஏறலாம். மாத்தளைக்குக் கிளைப்பாதையும் உண்டு. பெரியாஸ்பத்திரிக்கும் தூரமில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிறுவர் ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்க்குப் பேராதனையில் இறங்குவதே வசதி. பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கண்டிப் பக்கம் அடுத்ததாகவே சரசவி உயன நிலையம் இருக்கிறது.

என் கருத்து இது: பகலில் தூர ரயில்கள் பேராதனையோடு கடந்து போகட்டும், ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கண்டிக்கு அங்கிருந்து இணைப்பு ரயில் ஓடட்டும். இரவில் வேண்டாம். பெண்களும் முதியவர்களும் மூட்டை முடிச்சுகளோடு சந்தியில் தனித்து நிற்பதைவிட, ஆள் நடமாட்டமுள்ள கண்டியில் நிற்பது எவ்வளவோ மேல். பகலிலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தூர ரயில் பிந்தினால் இணைப்பு ரயில் அதற்காகக் காத்திருக்க வேண்டும். எந்த மேடையில் எந்த ரயில் என்ற அறிவிப்பு ஒவ்வொரு தடவையும் தமிழிலும் ஒலிக்க வேண்டும். இவை இரண்டும் உறுதியாகும்வரை, மாறி ஏறவேண்டியவர்கள் கண்டிவரை வருவதே நல்லது.