ஒரு கோட்டை எழுதும் சட்டத்தை இன்னொரு கோட்டை படிப்பது எப்படி?

காட்பாடியில் சித்தூர் பஸ் ஏறினால் கிறிஸ்தியான்பேட்டையைத் தாண்டியதும் ஆந்திரம் வந்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கவுன்சிலருக்கு இந்தப் பக்கத்துக் கவுன்சிலருக்கு இல்லாத ஓர் ஓட்டு உண்டு. ஆந்திர சட்டமன்றத்தின் இரண்டாவது அவையான மேலவையில் சித்தூர் உள்ளாட்சித் தொகுதி என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அதற்கு ஆளை அனுப்புகிறார்கள். 1911-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை சித்தூர்தான் வடஆற்காட்டின் தலைநகரம். பிரிந்து போன வீட்டில் ஜன்னல் இருக்கிறது, இங்கே சுவர் மட்டும் மிஞ்சியது.

வீட்டு வரியிலிருந்து வார்டு எல்லைவரை எல்லாவற்றுக்கும் சட்டம் எழுதுவது சென்னையில் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை. அதன் பலனை அனுபவிப்பது நம் வேலூர்க் கோட்டையைச் சுற்றியிருக்கும் ஊர். எழுதுகிற நேரத்திலேயே அதைப் படித்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்ல மாநகராட்சிக்கு என்ன வழி? உலகத்தில் நடைமுறையில் உள்ள மூன்று வழிகளை நம்மிடம் இருப்பதோடு வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நம் கைவசம் உள்ளது. வேலூர் 1866-இல் நகராட்சி, 2008-இல் மாநகராட்சி. இப்போது 60 வார்டுகள், 4 மண்டலங்கள். வரி, சுகாதாரம், பணிகள், நகரமைப்பு என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன. சட்ட வரைவைப் படிப்பதற்கென்று குழு கிடையாது. மன்றம் ஒரு தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். அதையும் ரத்து செய்யும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2022 நல்ல பாடம். பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. மார்ச்சில் பதவியேற்பு. புது உறுப்பினர்கள் தங்கள் வார்டுத் தெருக்களை முழுதாக நடந்து முடிப்பதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரிச் சீராய்வு வந்து சேர்ந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடு. வரியைச் சீரமைக்காத ஊருக்கு 15-ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காது என்பதுதான் அரசு சொன்ன காரணம். மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். கேள்வித்தாளிலேயே விடையும் அச்சாகி வந்தால் மாணவன் என்ன எழுதுவான்? வரி உயர்வு சரியா தவறா என்பது வேறு வாதம். ஒரு மாதக் குழந்தையான மன்றத்துக்கு அதைப் படித்துச் சொல்ல ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை என்பதே என் குறை.

மன்றக் கூட்டத்துக்கு வரும் அஜெண்டாக் கட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது, தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல், ஒப்பந்தக் காலம் நீட்டிப்பு. ஒவ்வொரு பொருளின் அடியிலும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்று ஒரே வரி. பத்தாவது பொருளைத் தாண்டும்போது யாராவது 'ஆல் பாஸ்' என்பார், மேசையைத் தட்டுவார்கள். மாநிலச் சட்டம் பற்றிய தாளும் அந்தக் கட்டுக்குள்ளேதான் இருக்கும், மோட்டாருக்கும் விளக்குக்கும் நடுவில்.

இனி அந்த மூன்று வழிகளில் முதலாவது, நியூயார்க். அந்த மாநில அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு நகரங்களுக்கு ஒரு பூட்டைக் கொடுத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நகரத்தின் சொத்து, நிர்வாகம் பற்றி மாநிலம் தனிச் சட்டம் போடுவதானால் அந்த நகரமே கேட்டு எழுத வேண்டும். நகர மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்கலாம், அல்லது மேயரோடு பாதிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து கேட்கலாம். 51 பேர் கொண்ட அந்த மன்றத்தில் மாநில, ஒன்றியச் சட்டங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பூட்டுக்கு மாற்றுச் சாவி ஒன்றும் செய்துவிட்டார்கள். 1929-இல் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்ட வழக்கில், மாநிலம் முழுவதற்கும் அக்கறையுள்ள விஷயம் என்றால் நகரத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எது மாநில அக்கறை இல்லை என்று யார் சொல்வது? இதை இங்கே கொண்டுவர இந்திய அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். நகர உள்ளாட்சிகளுக்கென்று வந்த 74-ஆவது திருத்தமே மாநகராட்சிக்கு அதிகாரம் தரும் பொறுப்பை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஆகவே நியூயார்க்கை இதோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது, நாம் இழந்த வழி. மேலவை இருக்கும் மாநிலத்தில் அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அதாவது கவுன்சிலரின் ஆள் சட்டம் எழுதும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1-இல் மேலவை ஒழிந்தது. அதே ஆண்டு தொடக்கத்தில்தான் நீண்ட இடைவெளிக்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருந்தது. (அந்த நவம்பர் 1-ஐத்தான் இப்போது உள்ளாட்சி தினமாகக் கொண்டாடுகிறோம். தற்செயல்தான், இருந்தாலும் உறுத்துகிறது.) 2010-இல் மேலவையை மீட்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011-இல் ஆட்சி மாறியதும் அந்தப் பேச்சு நின்றது. ஆந்திரம் மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. 1985-இல் கலைத்தார்கள், 2007-இல் மீட்டார்கள், 2020-இல் மறுபடி கலைக்கத் தீர்மானம் போட்டு அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். ஆளும் கட்சிக்கு மேலவையில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். மேலும் சாதாரண மசோதாவை மேலவை மொத்தமாக நான்கு மாதம் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. உள்ளாட்சித் தொகுதித் தேர்தல் வந்தால் கவுன்சிலர்களை ஓட்டலில் கொண்டுபோய் வைத்துப் பாதுகாக்கும் கூத்து வேறு. சித்தூரைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு, ஆனால் அதற்காக மேலவை கேட்டுக் கொடி பிடிக்க மாட்டேன்.

மூன்றாவது லாஸ் ஏஞ்சலிஸ். சுமார் 40 லட்சம் மக்களுக்கு அங்கே 15 கவுன்சிலர்கள்தான். ஐந்து லட்சம் அளவில் இருக்கும் வேலூருக்கு 60 பேர் என்பதை நினைவில் வையுங்கள், நம்மிடம் ஆள் பஞ்சம் இல்லை. விதிகள், தேர்தல், அரசுகளுக்கிடையிலான உறவு ஆகியவற்றைப் பார்க்கும் குழுவுக்கு மாநில மசோதா பற்றிய தீர்மானம் போகும். அதற்கு முன் தலைமைச் சட்ட ஆய்வாளர் என்ற அதிகாரி ஓர் அறிக்கை எழுதுவார்: மசோதா என்ன சொல்கிறது, நகரத்துக்கு என்ன செலவு, ஏற்கெனவே நகரம் எடுத்த நிலை என்ன. குழு பார்த்து, மன்றம் நிறைவேற்றி, மேயர் இசைந்தால் 'ஆதரவு' அல்லது 'எதிர்ப்பு' என்பது நகரத்தின் அதிகாரபூர்வ நிலையாகிவிடும். மாநிலம் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல்லில்லாத வழி என்று தள்ளிவிடத் தோன்றும்.

எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, காரணம் அந்த அறிக்கை. ஓட்டைவிட அந்த நான்கு பக்கத் தாள் பெரியது. மன்றத்தில் எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒரே தாளை வைத்துச் சண்டை போடுவார்கள். லாங்கு பஜார்க் கடைக்காரர் கையிலும் அது இருக்கும். அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம், மேலவை வேண்டாம். ஒரு மன்றத் தீர்மானமும், அரசிதழைத் தமிழில் சுருக்கி எழுதத் தெரிந்த ஓர் அலுவலரும் போதும்.

ஒரு தடையை மறைக்கக் கூடாது. நம் சட்டமன்றத்தில் மசோதா பெரும்பாலும் அறிமுகமான கூட்டத்தொடரிலேயே நிறைவேறிவிடும், பல வேளைகளில் சில நாட்களுக்குள். வேலூர்க் குழு கூடுவதற்குள் சட்டம் கையெழுத்துக்குப் போயிருக்கும். ஆனால் எல்லாமே அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு, 2000-இல் நிறுத்தி வைக்கப்பட்டு, திருத்தங்களோடு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. வேலூருக்கென்று தனியாக இருந்த 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் கரைந்தது. ஒரு தாள் எழுத 25 ஆண்டு போதாதா? அதைத் தொடர்ந்து வந்த 2023-ஆம் ஆண்டு விதிகளில்தான் வரி, உரிமம், கட்டணம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அவற்றுக்குத் திருத்தம் வந்துகொண்டே இருக்கும். குழுவின் முதல் கூட்டத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த விதிகளில் வரி பற்றிய பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, காட்பாடி மண்டலத்தில் 600 சதுர அடி வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுகிறார் என்று ஒரு ரசீதோடு ஆரம்பிக்கலாம்.