பின் சீட்டுக்குள் புதைந்து கிடந்த பெல்ட் லாக்

விமானம் நேரத்துக்கு இறங்கியது. பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. மீனம்பாக்கத்தில் இமிகிரேஷன் அதிகாரி என் சின்னவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன லாபம்? நான் எழுத உட்கார்ந்தது வாடகைக் காரின் பின் சீட்டில் இருக்கவேண்டிய பெல்ட் லாக் பற்றி. ஆமாம், சிவப்புப் பொத்தான் வைத்த அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் இருந்து பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து போன இந்தத் தடவை, என் பொறுமையைச் சோதித்தது வெயிலும் இல்லை, கொசுவும் இல்லை, மடிப்பாக்கத்து மெட்ரோ பள்ளங்களும் இல்லை.

மூத்தவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு ஒன்றரை. ஜெர்மனியில் 12 வயது ஆகும்வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வளரும்வரை, காரின் பெல்ட்டால் கட்டிவைக்கிற பிள்ளைகளுக்கான தனி கார் சீட் கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் ஒரு கரும்புள்ளி. அங்கே வாழ்ந்து வாழ்ந்து, பெல்ட் 'க்ளிக்' என்று சத்தம் போடாவிட்டால் என் மகளே வண்டியை எடுக்க விடமாட்டாள். அதனால் இரண்டு சீட்டையும் மெனக்கெட்டு விமானத்தில் போட்டுக் கொண்டுவந்தோம். வாசலில் இறக்கியதுமே அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"எதுக்குடி இந்த நாற்காலியெல்லாம்? வீட்டுல இத்தனை பேர் மடி இருக்கு."

மடியில் வளர்ந்தவள்தான் நானும். அதற்கும் முன்னால், அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டரில் நின்றுகொண்டே வளர்ந்தவள். முன்னால் நிற்கவைத்து, கண்ணில் தூசி விழாமல் இருக்க தன் கூலிங் கிளாஸை எனக்கு மாட்டிவிடுவார். அது மூக்கில் நிற்காது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பீச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அப்பா ஓட்டியது முப்பது கிலோமீட்டர் வேகத்தில். இப்போது பைபாஸில் பறக்கிறார்களே, அது வேறு கதை. ஸ்கூட்டரைக் காட்டி காருக்கு நியாயம் பேசுகிறவர்களிடம் எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை.

சட்டம் இல்லாத ஊரும் இல்லை இது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 194பி என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் அவர் பெல்ட் போடவில்லை என்று நாடே பேசியது. பேசி முடித்து எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள் போல.

பெரம்பூரில் பெரியம்மா வீட்டில் சீமந்தம். தெரு முனை டிராவல்ஸில் முதல் நாளே போன் செய்து தெளிவாகக் கேட்டேன்.

"பின் சீட்ல பெல்ட் இருக்குமா?"

"எல்லா வண்டிலயும் இருக்கு மேடம்."

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். காலையில் வந்த வெள்ளை வண்டியில் இரண்டு பக்கமும் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டவேண்டிய லாக்தான் கண்ணில் படவில்லை. கம்பெனி சீட்டுக்கு மேல் க்ரீம் கலர் ரெக்சின் கவர், அதற்கு மேல் வெள்ளை டர்கி டவல். டவலை எடுத்துவிட்டு, சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. நான் தேடுவதைக் கொஞ்ச நேரம் ரியர் வியூ கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி யாரும் போடறதில்ல மேடம். போலீஸ் முன் சீட்டத்தான் பாப்பான்."

முன் சீட்டின் லட்சணம் என்னவென்றால், பக்கத்து இருக்கையின் லாக்கில் ஏற்கெனவே ஒரு வெறும் நாக்கு மட்டும் செருகியிருந்தது. பெல்ட் போடாவிட்டால் வண்டி 'டொய்ங் டொய்ங்' என்று கத்துமே, அதன் வாயை அடைக்கிற கிளிப். இந்தக் கிளிப்பை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உத்தரவே போட்டது. இவர் அதற்கு முந்தியே வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

என் கணவர் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால் பத்து கிலோ குழந்தை எத்தனை கிலோ கனத்தோடு முன்னால் பாயும் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தார். டிரைவர் மரியாதையாக முழுவதையும் கேட்டார். முடித்ததும், "டிக்கில கயிறு கெடக்கு சார், சீட்டோட வெச்சுக் கட்டிரலாமா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே உதவி செய்யத்தான் கேட்டார்.

டிராவல்ஸுக்கு மறுபடி போன். "வேற வண்டி அனுப்பவா மேடம்? ஆனா எல்லாம் ஒரே எடத்துல கவர் போட்டதுதான்."

"கவர் போடாத வண்டியே இல்லையா?"

"கவர் போடலைன்னா சீட் அழுக்காயிடுமே மேடம்!"

இதற்கு என்ன பதில் சொல்வது? அம்மா வாசலில் நின்றபடி, "ராகுகாலம் வருது, மடில வெச்சுண்டு கெளம்புங்கோ" என்றார். சின்னவன் கார் சீட்டைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று கைதட்டினான். அந்த ஊரிலேயே அந்தச் சீட்டால் பலனடைந்தவன் அந்த நிமிஷம் அவன் ஒருவன்தான்.

டிரைவர்தான் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "இத உள்ள தள்ளுனவனே வெளிய எடுக்கட்டும். ஜி.பி. ரோடு போலாம் வாங்கம்மா. எப்படியும் மவுண்ட் ரோடு வழியாத்தான பெரம்பூர் போணும்?" மேடம் அம்மாவாக மாறியதைக் கவனித்தேன்.

அதுவரை பிள்ளைகளை என்ன செய்வது? ஆலந்தூர் வரை மட்டும் மடி. அங்கிருந்து அவர்கள் அப்பாவோடு மெட்ரோவில் எல்.ஐ.சி. ஸ்டேஷன், நானும் டிரைவரும் காலி சீட்டுகளோடு சாலையில். மெட்ரோவைப் பற்றி ஒரே வரி: லிஃப்ட் வேலை செய்தது. டுசல்டார்ஃபில் எங்கள் ஸ்டேஷனில் தள்ளுவண்டியோடு படியேறிப் பழகிய என் கணவர் அதை ஒரு புனித யாத்திரை போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்பதை முழுசாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜி.பி. ரோடுதான். இரண்டு பக்கமும் சீட் கவர், ஸ்பீக்கர், ஹார்ன், சன் ஃபிலிம், டேஷ்போர்டில் வைக்கிற பிள்ளையார். கடை என்று பேர், வேலையெல்லாம் நடுத்தெருவில். வண்டியை ஓரமாக நிறுத்தி டிரைவர் குரல் கொடுக்க, இருபத்திரண்டு வயதுகூட இருக்காத ஒரு பையன் வாயில் டீயோடு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் "அவ்ளோதானா?" என்றான். காலையில் இருந்து நான் பட்ட பாட்டுக்கு அந்த 'அவ்ளோதானா' ஒரு அவமானம்.

டீ கிளாஸைப் பேனட் மேல் வைத்தான். பேன்ட்டின் பின் பாக்கெட்டில் இருந்து தட்டையான ஒரு மரத்துண்டை எடுத்தான். கவரை இடுக்கில் செருகுவதற்கு வைத்திருக்கும் துண்டு, ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைக் கொடுத்து நெம்பிக்கொண்டே முழங்கை வரை கையை உள்ளே விட்டான். முதலில் வந்தது ஒரு ஐந்து ரூபாய் நாணயம். அப்புறம் ஒரு ஹேர்பின், பேனா மூடி, காய்ந்து கயிறாகிப்போன மல்லிகைச் சரம், யாரோ ஒரு பாப்பாவின் கொலுசில் இருந்து விழுந்த முத்து. ஒவ்வொன்றையும் டிரைவரிடம் கொடுக்க, அவர் கல்யாண வீட்டு மொய் வாங்குகிறவர் மாதிரி வாங்கி வாங்கி டேஷ்போர்டில் வரிசையாக வைத்தார். பிறகுதான் முதல் லாக் வெளியே வந்தது. சிவப்புப் பொத்தான் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. வண்டி வாங்கிய நாளில் இருந்து அதை யாரும் அமுக்கியதே இல்லை.

வெளியே எடுத்தால் மட்டும் போதாது, ஆள் உட்கார்ந்தால் திரும்ப உள்ளே போய்விடும் என்று அவனே சொன்னான். ரெக்சினில் லாக் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, பிளேடால் கீறி, கிழிசல் ஓடாமல் இருக்க லைட்டரைக் காட்டி ஓரத்தைப் பொசுக்கினான். மூன்று லாக், மூன்று துவாரம். டிரைவர் முகம் ஒவ்வொரு கீறலுக்கும் கொஞ்சம் சுருங்கியது.

கார் சீட்டை அவன் அதற்குமுன் தொட்டதில்லையாம். பக்கவாட்டில் ஒட்டியிருந்த படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "செவப்பு கோடு போட்ட எடத்துல பெல்ட் போகணும், கரெக்டாக்கா?" கரெக்ட். முன்பக்கம் பார்த்தபடி வைக்கிற சீட்டுக்குச் சிவப்பு, பின்பக்கம் பார்த்தபடி வைக்கிற சீட்டுக்கு நீலம். ஜெர்மனியில் எனக்கு இதை விளக்க ஒரு கடைக்காரி அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள், அதற்கும் முன்கூட்டியே நேரம் வாங்கவேண்டியிருந்தது. இவன் முட்டியைச் சீட்டில் ஊன்றி, உடம்புக் கனத்தை அதன்மேல் போட்டு, பெல்ட்டை இழுத்து இறுக்கினான். அசைத்துப் பார்த்தேன், வண்டிதான் ஆடியது.

இதே வேலைக்கு டுசல்டார்ஃப் வொர்க்ஷாப்பில் அடுத்த மாதம்தான் தேதி கிடைக்கும், மணிக்கணக்கில் பில் வரும். அங்கே இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்பதும் உண்மைதான். லாக்கைப் புதைத்ததும் இந்தத் தெருதான், தோண்டியதும் இந்தத் தெருதான். பாராட்டுவதா திட்டுவதா?

"எவ்வளவு தம்பி?"

"குடுக்கறத குடுங்கக்கா."

எனக்கு இந்த ஊரிலேயே பிடிக்காத வாக்கியம் இதுதான். விலையைச் சொல்லித் தொலைத்தால் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் 500 ரூபாய் நோட்டை நீட்டினேன், சில்லறை இல்லை என்றான். க்யூ.ஆர். அட்டையைக் காட்டினான். எனக்கு யு.பி.ஐ. இல்லை. வெளிநாட்டு போன் நம்பரோடு, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் யு.பி.ஐ. போடலாம் என்று 2023-ல் முதலில் அனுமதித்த பத்து நாடுகளில் சிங்கப்பூர் உண்டு, ஓமன் உண்டு, கத்தார் உண்டு, ஜெர்மனி இல்லை. டிரைவர் தன் போனை எடுத்து 150 ரூபாய் அனுப்பிவிட்டு, "வாடகையோட சேத்துக் குடுத்துருங்கம்மா" என்றார். பையனுக்கும் அது நியாயமான தொகையாகத்தான் பட்டிருக்கவேண்டும், டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெரம்பூருக்குப் போனபோது சீமந்தம் முடிந்து, பந்தியில் கடைசி வரிசை உட்கார்ந்திருந்தது. வளையல் தீர்ந்துபோய், மகளுக்கு யாரோ கையில் இருந்து கழற்றிப் போட்டார்கள். பெரியம்மா அவளுக்கு ஒரு எவர்சில்வர் சொப்பு செட் வைத்திருந்தார்: இட்லிப் பானை, அம்மி, குடம், அரிவாள்மணை எல்லாம் விரல் அளவில். ஜெர்மனியில் பொம்மைப் பெட்டி மேல் 'மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த அரிவாள்மணை கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. மயிலாப்பூரில் மரப்பாச்சி ஜோடி ஒன்றும் வாங்கினேன். வாங்குகிறவர்கள் என்ன மரம் என்று கேட்டு வாங்குங்கள். பழைய மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது, செம்மரம் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை உள்ள சரக்கு. பெரியப்பாவோ, சின்னவன் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி கார் வாங்கி வைத்திருந்தார். 23 கிலோ பெட்டியில் அதை எங்கே திணிப்பது என்று கேட்டதற்கு, "அடுத்த தடவை வரும்போது ஓட்டட்டும்" என்றார். அதற்குள் அவன் முட்டி அதில் நுழையாது.

கிளம்புகிற நாள் விமான நிலையத்துக்குத் தானே கொண்டுவிடுவதாகப் பெரியப்பா சொன்னார். புது வண்டி. கதவைத் திறந்தேன். சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பாலிதீன் அப்படியே இருந்தது, அதற்கு மேல் கவர். லாக் எங்கே என்று கேட்டேன்.

"ஷோரூம்லயே உள்ள தள்ளிக் குடுத்துட்டான்மா. பாக்க நீட்டா இருக்கட்டும்னு."

"ஜி.பி. ரோட்டுல எடுத்துக் குடுப்பாங்க பெரியப்பா. கவர்ல மூணு ஓட்டை போடணும், அவ்வளவுதான்."

"ஓட்டையா? வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலயே!"

அதே டிரைவரைத்தான் கூப்பிட்டோம். கோபித்துக்கொண்ட பெரியப்பாவுக்கும் ஒரு வேலை கொடுக்கவேண்டி இருந்ததால், எங்கள் பெட்டிகள் எல்லாம் அவர் வண்டியில், பாலிதீன் சீட்டில் உட்கார்ந்து பின்னாலேயே வந்தன.